அந்தச் சிவப்பு இஞ்சிப் பூ என்ன ஆனது?

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த வாரம் என் கையெழுத்து வழக்கத்தைவிட மோசம். நான் எழுதித் தருவதைப் பத்திரிகை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற செல்விதான் பாவம். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. சின்ன ‘ர’ எங்கே, பெரிய ‘ற’ எங்கே என்று இன்னும் பிடிபடவில்லை. செல்வி ஒவ்வொரு வாரமும் திருத்தித்தான் உங்கள் முன்னால் வைக்கிறாள். இந்த வாரம் அடித்தல்கள் வேறு நிறைய. பயந்துகொண்டே எழுதினால் அப்படித்தானே வரும்?

எதற்குப் பயம்? சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் இரண்டாம் பூசை முடிந்து வெளியே வந்து பைக்கை எடுத்துக்கொண்டிருந்தேன். வலைக்கடை வைத்திருக்கிற சூசை அண்ணாச்சி ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டார்.

“வே, நில்லும். பூ என்னாச்சு?”

“எந்தப் பூ அண்ணாச்சி?”

“எந்தப் பூவா? ஆறு மாசமா எழுதுதீரே, செவப்பு இஞ்சிப் பூவு. மொட்டு விட்டுட்டுன்னு எழுதினீரு. அதுக்கப்புறம் ரெண்டு வாரமா மினி பஸ்ஸப் பத்தியும் பல்லு வலியப் பத்தியும் எழுதுதீரு. மவ கல்யாணம் வந்துட்டு, பூவக் காணும். படிக்கவன் என்னன்னு நெனைக்கது?”

“நல்லா இருக்கு அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தேன்.

பூசையில் நன்மை அப்பம் வாங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கோயில் வாசலிலேயே ஒரு பொய்.

உண்மை இதுதான் — பூ இல்லை. செடியும் இல்லை. மொட்டை மாடியில் ஐந்து தொட்டிகள் இருக்கின்றன, ஐந்திலும் மண் மட்டும்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் தோணியில் பண்டாரியாக, அதாவது சமையல்காரனாக, மாலத்தீவுக்குப் போய் வந்துகொண்டிருந்தவன். பிறகு ஒரு ஏஜெண்ட் மூலமாக போலந்து நாட்டுக்குப் போனேன். தோட்ட வேலை என்றார்கள். தோட்டத்தைத் தேடினேன், காணவில்லை. முழங்கால் அளவு பனிக்கு நடுவே ஒரு கண்ணாடி வீடு நின்றது. நம் ஊர் மீன் ஏலக்கூடம் இரண்டைச் சேர்த்து வைத்த அகலம். அதற்குள்தான் தோட்டம்.

எங்கள் தூத்துக்குடியில் பனி என்பது மாதாவின் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. அங்கே மீசையிலேயே பனி இருந்தது. நடுங்கிக்கொண்டே கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போனேன். குப்பென்று ஒரு புழுக்கம். ஈர மண் வாசம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. புழுக்கத்தைப் பார்த்து அழுத தூத்துக்குடிக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த வீட்டில் வளர்த்தது சிவப்பு இஞ்சி. சமையலுக்கு ஆகாது. வெறும் பூவுக்காக வளர்ப்பது. ஆள் உயரத் தண்டு, வாழைக்குத் தங்கச்சி போல இலை. உச்சியில் மெழுகில் செய்து அடுக்கினது போலச் சிவப்பாக ஒரு பூ, ஒரு சாண் நீளத்துக்கு. வெட்டி வைத்தால் இரண்டு வாரம் வாடாது. பெரிய ஹோட்டல்களுக்குப் போகும். செடிகள் இருக்கிற மேஜைகளுக்கு அடியில் இரும்புக் குழாய்கள் ஓடும். பாய்லரில் இருந்து அவற்றில் வெந்நீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் செடி செத்தது.

ஒரு நாள் வேலை நேரத்தில் வீடியோ காலில் என் மகள் ஜெனிட்டாவுக்கு அந்தப் பூவைக் காட்டினேன். அப்போது அவள் காலேஜ் கடைசி வருஷம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அப்பா, என் கல்யாணத்துக்கு கோயில் பீடத்துல இத வைக்கணும்.”

“வைக்கலாம்மா.”

அவள் என்னைப் போல. வாய் திறந்து எதையும் கேட்கிற பிள்ளை இல்லை. நான் அங்கே இருந்த நான்கு வருஷத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான். பட்டம் வாங்கியபோது நான் பக்கத்தில் இல்லை. பெண் பார்க்க வந்தபோது இல்லை. பூவாவது கொடுக்க வேண்டாமா?

இந்த இடத்தில் ஹலினா மேடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தக் கண்ணாடி வீட்டுக்கு அவர்தான் சூப்பர்வைசர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் இரண்டாவது வருஷத்து ஜனவரியில் ஒரு மத்தியானம், கடைசி வரிசையில் வேலை செய்துகொண்டிருந்தேன். தற்செயலாகக் குழாயில் கை பட்டது. மற்ற நாளில் பட்டால் தோல் உரிந்துவிடும். அன்றைக்கு வெதுவெதுவென்று இருந்தது.

பாய்லர் நின்றிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. நேராக ஆபீஸ் அறைக்குப் போனேன். உள்ளே மேடம் யாரோ நான்கு பேரோடு பேசிக்கொண்டிருந்தார். கோட் போட்டவர்கள். நான் வாசலில் நின்றேன். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் நாலு பேருக்கு நடுவே குரல் வருமா? மீட்டர் இருக்கும், அவருக்கே தெரிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அந்த வரிசை முழுவதும் இலைகள் கறுத்து, நனைந்த துணி போலத் தொங்கின.

மேடம் கத்தவில்லை. குழாயைத் தொட்டுக் காட்டி, நேற்றே தொட்டாயா என்று சைகையில் கேட்டார். தலையை ஆட்டினேன். என் கையைப் பிடித்து இழுத்து, சில்லிட்டுக் கிடந்த குழாயின் மேல் வைத்து அழுத்தினார்.

“ஜிம்னோ” என்றார்.

ஜிம்னோ என்றால் அவர்கள் பாஷையில் குளிர். பத்துத் தடவை சொல்ல வைத்தார். பிறகு செல்போனில் எதையோ பேசினார். அது தமிழில் திருப்பிச் சொன்னது. “நான் தேவாலயத்தில் இருந்தாலும் கத்தவும். அமைச்சர் முன்னிலையில் இருந்தாலும் கத்தவும்.”

சிரித்துவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை.

அதன் பிறகு குழாய் கொஞ்சம் ஆறினாலும் ஜிம்னோ, ஜிம்னோ என்று கத்தினேன். சில நாள் எனக்குத்தான் காய்ச்சலாக இருக்கும், குழாய் சரியாகவே இருக்கும். ஒவ்வொரு தடவையும் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவார். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு செடி சாகவில்லை.

சரி, ஊருக்கு வருவோம்.

கிறிஸ்துமஸ் முடிந்து வந்து சேர்ந்தேன். ஜெனிட்டாவுக்குப் பெரியதாழையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம். பூவுக்குச் செடி வேண்டுமே? வெளிநாட்டுச் செடி, லேசில் கிடைக்காது என்று நினைத்தேன். குலசேகரம் பக்கம் ஒரு நர்சரியில் இருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். நர்சரிக்காரர் என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பாத்திரம் விளக்குகிற இடத்தில், வேலி ஓரமாக, குப்பை மாதிரி வளர்ந்து நிற்கிறது. கோழி மேய்கிறது.

போலந்தில் அதற்கு வெந்நீர்க் குழாய், தெர்மாமீட்டர், காவலுக்கு நான். இங்கே கோழி.

ஏழு தூர் வாங்கி வந்தேன்.

அடுத்து நான் செய்தது உங்களில் பலருக்குத் தெரியும், சிரித்தும் இருக்கிறீர்கள். அந்தச் செடியை வளர்க்க எனக்குத் தெரிந்தது ஒரே வழி — வீடு கட்டி உள்ளே வைப்பது. வெளியே வைத்து நான் பார்த்ததே இல்லையே? மொட்டை மாடியில் பிளாஸ்டிக் பைப் நட்டு, சுற்றிலும் பாலிதீன் ஷீட் கட்டி, கதவு வைத்து, போலந்தில் இருந்து கொண்டுவந்த தெர்மாமீட்டரையும் உள்ளே மாட்டினேன். ஹீட்டர் ஒன்றுதான் பாக்கி.

பக்கத்து மாடியில் மீன் காயப் போட்டுக்கொண்டிருந்த அந்தோணியம்மா மதினி எட்டிப் பார்த்தார்.

“கொழுந்தனாரே, என்ன செய்யுதிய?”

“செடிக்கு வீடு மதினி. சூடு வெளிய போகாம இருக்கணும்.”

அவர் வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“தூத்துக்குடியில வெயில் பத்தலன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். கருவாட்ட அங்கன கொண்டு வைக்கட்டா? ஒரு மணி நேரத்துல காஞ்சிரும்.”

மாசி மாதம் ஒரு மத்தியானம் தெர்மாமீட்டர் நாற்பத்தாறு காட்டியது. இரண்டு செடிகள் அவித்த கீரையாகிவிட்டன. ஷீட்டைப் பிரித்துப் போட்டேன். பச்சை நிழல் வலை வாங்கிக் கட்டி, அதன் ஓரத்தில் சாக்குகளை நனைத்துத் தொங்கவிட்டேன். எங்கள் வீட்டு போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அவ்வளவு உப்பு. அதனால் குழாயில் நல்ல தண்ணீர் வருகிற நாளில் டிரம்மில் பிடித்து, குளிக்கக்கூட எடுக்காமல் செடிக்கு வைத்தேன். மீதி ஐந்தும் தலை நிமிர்ந்தன. சித்திரை வெயிலைத் தாண்டின. ஆடி பிறந்ததும் ஒன்றில் சிவப்பு முனை தெரிந்தது. அதைத்தான் உங்களுக்கு எழுதினேன். ஜெனிட்டா வேலைக்குப் போகும் முன் தினமும் மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டுப் போவாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். இறங்கி வருகிற காலடிச் சத்தத்திலேயே எனக்குத் தெரியும்.

ஆடி பத்து. மாதா கோயில் கொடியேற்றம். அதற்காகப் பெரியதாழையில் இருந்து சம்பந்தியம்மா வந்திருந்தார். கொடியேற்றம் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு.

சம்பந்தியம்மா தங்கமானவர். இதை நான் முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. அவர் வந்தால் வீட்டில் நாலு பேர் கூடினது போல இருக்கும். அவ்வளவு பேச்சு, அவ்வளவு சிரிப்பு. எனக்கு நேர் எதிர். செடியைப் பார்க்க வேண்டும் என்று மாடிக்கு வந்தார். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு ஜெனிட்டாவும் அங்கேதான் நின்றாள்.

“இதுதானா சம்பந்தி? மொட்டு அழகா இருக்கு. ஆனா இல முனையெல்லாம் கருகிக் கெடக்கே.”

“ஆடிக் காத்து…”

“காத்து இல்ல சம்பந்தி. சத்து இல்ல. எங்க வீட்டுல பத்துத் தென்ன நிக்கி. வருசம் ரெண்டு தரம் தூருல உப்பு வச்சிருவேன். ஒரு குரும்ப கீழ விழாது. பாத்தியளா, கல்யாணத்துக்கு இந்தப் பூவு தளதளன்னு வரும்.” படிக்கட்டுப் பக்கம் திரும்பி என் மனைவியைக் கூப்பிட்டார். “மதினி, கல்லுப்பு இருக்கா? ஒரு படி கொண்டாங்க.”

ரோஸ்லின் உப்பு ஜாடியோடு வந்தாள். திருஷ்டி சுற்றிப் போடக் கேட்கிறார் என்று அவள் நினைத்திருக்கிறாள். மொட்டை எல்லாரும்தான் பார்த்துவிட்டுப் போகிறார்களே.

நம் கடற்கரையில் தென்னைக்கு உப்பு வைக்காதவர் யார்? அது பாசத்தில் செய்கிற வேலை. தென்னைக்கு உப்பு நல்லது. ஆனால் இஞ்சி இனம் உப்புத் தண்ணீர் பட்டாலே கருகும். அது தெரிந்துதானே ஆறு மாதம் டிரம் தூக்கினேன்? அது தெரிந்த ஆள் அந்த மாடியில் நான் ஒருவன்தான். அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

சம்பந்தியம்மா வாளியில் உப்பைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் கையால் கலக்கினார்.

“அது… வந்து…” என்றேன்.

நிமிர்ந்தார். “என்ன சம்பந்தி?”

முகமெல்லாம் சிரிப்பு. என் மகள் போய் வாழப்போகிற வீட்டுக்காரி. முதல் முதலாக ஆசையாக ஒரு காரியம் செய்கிறார்.

“ஒண்ணுமில்ல” என்றேன்.

ஐந்து தொட்டிக்கும் சமமாக ஊற்றினார். மொட்டு விட்ட தொட்டிக்கு மட்டும் கூடுதலாக ஒரு கை.

“மூணு நாளைக்குத் தண்ணி காட்டாதிய. உப்பு எறங்கணும்.” பிறகு ஜெனிட்டா பக்கம் திரும்பினார். “ஏளா, நம்ம வீட்டுக்கு வந்ததும் மறுநாளே உனக்கு நண்டுதான். உங்க மாமா கடல்லருந்து நேரா கொண்டாருவாவ.”

ஜெனிட்டா துணி கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

ரோஸ்லின்தான் சொன்னாள். “மதினி, அவளுக்கு நண்டு ஒத்துக்கிடாது. ஒடம்பெல்லாம் தடிச்சிரும்.”

“அது டவுன் நண்டு மதினி. ஐஸ்ல கெடந்து நாறுனது. எங்க ஊரு நண்டு ஒண்ணும் செய்யாது. ஒரு வாரத்துல பழகிரும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். ரோஸ்லினும் சிரித்தாள். ஜெனிட்டா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சாப்பாடு, பேச்சு, டீ, மறுபடி பேச்சு. சாயங்காலம் அவரைப் பஸ் ஏற்றிவிட்டு ஓடி வந்தேன். டிரம்மில் இரண்டு குடம் தண்ணீர்தான் இருந்தது. தெருக் குழாயில் அந்த வாரம் தண்ணீர் வரவில்லை. கடையில் நான்கு கேன் வாங்கி வந்து ஊற்றினேன். மறுநாள் மண்ணை மாற்றினேன், வேரைக் கழுவினேன். வேர் முனைகள் தீயில் காட்டினது போலச் சுருண்டிருந்தன. மூன்றாம் நாள் இலை ஓரமெல்லாம் பழுப்பு. மொட்டு, எரிந்து முடிந்த தீக்குச்சியின் தலை மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் தினம் ஒன்றாக… எழுதப் பிடிக்கவில்லை.

பேசாத ஆளை ஊர் என்ன சொல்லும்? தங்கமான மனுசன், வாய் அதிர்ந்து ஒரு சொல் சொல்ல மாட்டார் என்று சொல்லும். என்னையும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் பேசாமல் இருந்ததால் செத்தவற்றை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பேசத் தெரியாத ஊரில் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தோட்டத்தையே காப்பாற்றினேன். பிறந்த ஊரில், அத்தனை தமிழையும் வைத்துக்கொண்டு, ஐந்து தொட்டியைக் காப்பாற்ற முடியவில்லை.

கடைசிச் செடியைப் பிடுங்கிய அன்று ஜெனிட்டா மாடிக்கு வந்தாள். சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

“அவிய உப்பு ஊத்தும்போது நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்மா. தெரியும் எனக்கு. சொல்லல.”

“நானும்தாம்பா.”

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன்.

“வீடியோ கால்ல எத்தன தடவ சொல்லிருக்கிய, உப்புத் தண்ணி பட்டா செத்துரும்னு. எனக்குத் தெரியாதா?”

“நீ சொல்லிருக்கலாம்லா?”

“வாழப் போற வீடு. மொத மொதல்ல வாயத் தொறந்து, நீங்க செய்யது தப்புன்னு சொல்லணுமான்னு இருந்திச்சு. நீங்க சொல்லுவியன்னு பாத்தேன்.” காலித் தொட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, “பூ போனா போவுதுப்பா” என்றாள்.

கீழே இறங்கிப் போய்விட்டாள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. பூவுக்காக இல்லை.

ஜெனிட்டாவுக்கு ஒன்பது வயதில் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை முதல் நன்மை வாங்கிய புதுநன்மை விருந்து. இலையில் நண்டு வைத்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல வெட்கம். இரண்டு காலைச் சாப்பிட்டிருக்கிறாள். உதடு வீங்கி, மூச்சு இழுத்து… நான் அப்போது தோணியில் இருந்தேன். ரோஸ்லின் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினாள். அடுத்த தடவை இவ்வளவு நேரம் தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதன் பிறகு எங்கள் வீட்டுச் சட்டிக்குள் நண்டு ஏறவில்லை.

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இன்றைக்காவது வருமா? மாமியார் ஆசையாக நண்டின் ஓட்டை உடைத்துச் சதையை எடுத்துத் தட்டில் வைத்தால்? எனக்குத் தெரியும். துணி கிளிப்பைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். ஒரு வாய் சாப்பிடுவாள்.

என் மகளுக்கு நான் நகை சேர்த்தேன், பாத்திரம் சேர்த்தேன். என் பேசாத வாயையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறேன்.

“நான் சொன்னா மதினி சிரிக்காவ. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க” என்றாள் ரோஸ்லின். “பேசாத மனுசன் சொன்னா கேப்பாவ.”

நியாயம்தான். போன் போட்டேன். சம்பந்தியம்மா எடுத்தார். இருபது நிமிஷம் பேசினார். பந்தல்காரர், பட்டுப்புடவை, மாப்பிள்ளைக்குத் தைத்த கோட். “பூவு எப்படி இருக்கு சம்பந்தி? உப்பு புடிச்சிச்சா?” என்று கேட்டார்.

“புடிச்சிச்சு” என்றேன்.

“பாத்தியளா, நான் சொன்னேன்லா. வேற என்ன சம்பந்தி?”

“ஒண்ணுமில்ல. சும்மாதான்.”

வைத்துவிட்டேன். ரோஸ்லின் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குப் படிப்பு பத்தாது.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மூன்றாவது ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு. பங்குச் சாமியார் என் மகள் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்றார். மூன்று வாரமாக அதே கேள்வி, மூன்று வாரமாகக் கோயிலே அமைதி. பையனிடம் ஒரு குறையும் இல்லை. அந்த வீட்டிலும் இல்லை. ஆனால் பெண்ணுக்கு வேண்டாம் என்று சொல்ல வராது, பெண்ணின் அப்பாவுக்கும் வராது… இது தடையில் சேருமா? யாரிடம் கேட்பது? வெளியே வந்தேன். அங்கேதான் சூசை அண்ணாச்சி ஹேண்டில் பாரைப் பிடித்தார்.

வாய்தான் வரவில்லை, கை இருக்கிறதே என்று நினைத்துத்தான் இன்று உட்கார்ந்தேன். பேப்பருக்கு முகம் கிடையாது. சிரித்துக்கொண்டு “என்ன சம்பந்தி?” என்று அது கேட்காது. இந்தப் பத்திரிகை வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் பெரியதாழைக்குப் போகும். சம்பந்தியம்மா என் பக்கத்தைச் சத்தமாக வாசித்து வீட்டுக்காரருக்குக் காட்டுவார் என்று ஜெனிட்டா சொல்லியிருக்கிறாள். கல்யாணம் திங்கட்கிழமை. பீடத்துக்குக் கடையில் வாங்கிய செவ்வந்தி. அதுவும் பூதான். ஜெனிட்டா ஒன்றும் சொல்ல மாட்டாள்.

இப்படி ஊரறிய எழுதியதற்கு நீங்கள் கோபப்படலாம், சம்பந்தியம்மா. கோபப்படுங்கள். சிரித்துவிடாதீர்கள், அதற்குத்தான் பயமாக இருக்கிறது. வாசித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிடவும் செய்யலாம். அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சம்பந்தியம்மா, இஞ்சிச் செடிக்கு உப்பு ஆகாது. நீங்கள் ஆசையாக ஊற்றினீர்கள், நான் தெரிந்தே நின்றேன். தப்பு என்னுடையது. அது போகட்டும்.

ஜெனிட்டாவுக்கு நண்டு ஆகாது. உங்கள் ஊர் நண்டும் ஆகாது. ஒரு வாயும் ஆகாது. அவள் சொல்ல மாட்டாள்.

சொல்லியிருக்க வேண்டிய நாள் ஆடி 10. எழுதிய நாள் ஆடி 28, செவ்வாய்க்கிழமை.